சிங்காரவேல் வேலைக்கு வந்த மூன்று நாட்கள்

பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் வந்து இறங்கினால் பொறாமைப்படுவது உலகத்து வழக்கம். பக்கத்து வீட்டுக்காரன் பட்டாளத்தாரிடம் வாங்கிய அடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், தெரிந்தவரையில், மந்தாரக்குப்பம் விஜயகுமாரி ஒருத்திதான்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு நியாயமும் இருந்தது. அவள் புருசன் சிங்காரவேலும் அதே பட்டாளத்தாரிடம், அதே முகாமில், அதே நாளில் மாட்டியவன்தான். பக்கத்து வீட்டுச் சக்கரபாணி உள்ளே இருந்தது ஐந்து மணி நேரம். சிங்காரவேல் இருந்தது மூன்று நாள். ஐந்து மணி நேரத்துக்கு அரசாங்கம் சால்வை போட்டது. மூன்று நாளைப் பற்றி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஆண்கள் இருவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை அள்ளிப் போடுவது. விஜயகுமாரி அதே சுரங்கத்தின் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். வருசத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்ததாகக் கணக்கு இருந்தால் பர்மனன்ட் கேட்கலாம் என்பது கான்ட்ராக்ட் குடும்பங்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் இரண்டு வீட்டிலும் காலண்டர் தொங்கியது. தன் வீட்டுக் காலண்டரைப் பார்க்கிறாளோ இல்லையோ, சக்கரபாணியின் பெண்சாதி வள்ளியம்மாள் வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிகிற காலண்டரை விஜயகுமாரி தினமும் பார்ப்பாள். பட்டாளத்தாரிடம் மாட்டிய அன்றைக்குச் சக்கரபாணி இருநூற்றுப் பத்தொன்பது. சிங்காரவேல் இருநூற்றுப் பதினேழு. இடையில் இரண்டே நாள். அந்த இரண்டு நாள் அவளுக்குச் சோற்றில் கிடக்கும் கல் மாதிரி.

அப்போது சுரங்கத்துக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டி, ஏதோ பயிற்சி என்று வந்த பட்டாளம் ஒன்று முகாம் போட்டிருந்தது. அவர்களுடைய கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போயிற்று. காணாமல் போன நேரத்தில் அந்தப் பாதையில் சைக்கிளில் போனவர்கள், முதல் ஷிப்ட் முடிந்து வந்த சக்கரபாணியும் சிங்காரவேலும். பட்டாளத்துக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

சாயங்காலம் சக்கரபாணியை ஜீப்பில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். இடது கை இரண்டாக மடிந்திருந்தது. டூட்டி நர்ஸ் நேர்மையானவள்; அவன் சொன்னதைச் சொன்னபடி ரிஜிஸ்டரில் எழுதிவிட்டாள்.

விஜயகுமாரி அந்தக் கட்டிலருகே ஓடிப்போய்க் கேட்டாள். "அண்ணே, எங்க வூட்டுக்காரரு எங்க?"

"உள்ளதான் இருக்காரும்மா. கொட்டாயில வச்சிக்கினு இருக்காங்க. சத்தம் கேட்டுது."

"இன்னா சத்தம்?"

சக்கரபாணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்று நாளும் அவள் ஷிப்ட் முடிந்ததும் சோற்றுத் தூக்கோடு முகாம் வாசலில் போய் நின்றாள். காவலுக்கு நின்றவன் ஒவ்வொரு நாளும் அதையேதான் சொன்னான்.

"இங்கே யாரும் இல்லை."

"யாரும் இல்லன்னா இந்தச் சோத்த எதுக்குய்யா வாங்கி வக்கிற?"

அவன் தூக்கை வாங்கி உள்ளே அனுப்பிவிடுவான். மறுநாள் தூக்குச் சட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வரும். அந்தப் பட்டாளத்தில் ஒழுக்கத்துக்குக் குறைவில்லை.

நான்காம் நாள் கம்பி கிடைத்தது. முகாமின் வாலிபால் வலையை இழுத்துக் கட்டியிருந்ததே அதைக் கொண்டுதான். மூன்று நாள் விசாரித்தவர்கள் மூன்று நாள் மாலையும் அந்த வலையில்தான் ஆடியிருந்தார்கள். சிங்காரவேலை முந்திரித் தோப்பின் ஓரமாக விட்டுவிட்டு, "போகலாம்" என்றார்கள். அவன் போகவில்லை, தவழ்ந்தான்.

இதுவரைக்கும் சொன்னது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு.

சிங்காரவேல் தினமும் ஷிப்ட் முடிந்ததும் டிபன் பையைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டுத்தான் சைக்கிள் ஏறுவான். அவள் பஸ்ஸில் கொண்டுவருவாள். கேட்டில் தேய்க்கிற அட்டை அந்தப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கும். காதுகுத்துக்குப் போனவனுக்கும் கருமாதிக்குப் போனவனுக்கும் கூட்டாளி அட்டையைத் தேய்த்து ஆஜர் போடுவது அந்தக் கேட்டில் புதிதில்லை. ஆஸ்பத்திரியில் சக்கரபாணியின் கையைப் பார்த்த அந்த நிமிடத்திலேயே விஜயகுமாரிக்குள் ஒரு கணக்கு ஓடிவிட்டது. இந்தக் கைக்கு ஒன்றரை மாதம் ஆகும். இருநூற்றுப் பத்தொன்பதோடு அந்த வீட்டுக் காலண்டர் நின்றுவிடும். நம்ம ஆள் நாளைக்கே வந்துவிடுவார். ஒரு நாள் எதற்கு விட வேண்டும்?

அப்படி நினைத்ததற்குத் தன்னைத் தானே வைதுகொண்டாள். வைதுகொண்டே மறுநாள் விடியலில் கேட்டுக்குப் போய், ஒரு கையால் தன் அட்டையையும் மறு கையால் அவன் அட்டையையும் தேய்த்தாள். பயத்தில் சீக்கிரமே போய்விட்டாள். ஐந்து ஐம்பத்திரண்டு. அதேபோல் மறுநாளும். அதற்கு மறுநாளும்.

இருநூற்று இருபது. சக்கரபாணியை ஒரு நாள் தாண்டியாயிற்று.

*

சிங்காரவேலுக்கு உள்ளங்கால் இரண்டும் இட்லி மாதிரி ஊதிக் கிடந்தன. வெந்நீர் நிரப்பிய அலுமினிய குண்டானில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஷிப்ட் சங்கு ஊதினால் மட்டும் அந்தத் தண்ணீரிலேயே எழுந்து விறைப்பாக நிற்பான். பிறகு மெதுவாக உட்காருவான்.

சக்கரபாணியின் வீட்டிலோ திருவிழா. கைக்கட்டு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வந்தவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். பையன்கள் அதில் பேனாவால் பெயர் எழுதினார்கள். பேப்பர்க்காரர் படம் எடுத்தார். உள்ளங்காலை யார் படம் எடுப்பார்கள்? ஒரு நிருபர் எட்டிப் பார்த்துவிட்டு, "காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சாத்தான் தெரியும், மரியாதையா இருக்காது" என்று போய்விட்டார். ஒரு மாதத்தில் வீக்கமும் வடிந்தது. பார்ப்பதற்கு எதுவுமே இல்லை.

"எலும்பா ஒடைச்சிருக்கக் கூடாதா?" என்றாள் விஜயகுமாரி ஒருநாள், குண்டானுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சிங்காரவேல் நிமிர்ந்து பார்த்தான், கோபம் இல்லை.

"நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தன்" என்றான்.

இந்தக் களேபரத்தில் அரசாங்கம் ஒரு குழு போட்டது. பெயர்: படையினர் நடவடிக்கை மீதான அரசுப் பொறுப்பு நிர்ணய உயர்நிலை விசாரணைக் குழு. பெயர்ப் பலகை எழுதவே ஒரு மாதம் ஆயிற்று. சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் நகரியத்தின் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் கலைச்செல்வன் நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்கார வைத்துத்தான் இல்லை என்பார்.

முதலில் சக்கரபாணியின் மனு. குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அரசின் பொறுப்பு என்பது எளிதான விஷயமல்ல. ஒரு படைவீரர் பணியில் இருக்கும்போது அடித்தால், அது அரசின் இறையாண்மைச் செயல். இறையாண்மைக்கு யாரும் பொறுப்பு கேட்க முடியாது. பணியில் இல்லாதபோது அடித்தால், அது அவருடைய சொந்தச் செயல். அதற்கு அரசு பொறுப்பாக முடியாது. ஆகவே அரசு எப்போது பொறுப்பாகும் என்பதைக் கண்டறியவே எங்களுக்குப் பதினோரு அமர்வுகள் தேவைப்பட்டன."

தலைவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"விடை கிடைத்துவிட்டது. தேநீர் இடைவேளை! படை விதிப்படி அந்தப் பதினைந்து நிமிடம் பணியும் அல்ல, விடுப்பும் அல்ல. சக்கரபாணி, உங்கள் கை முறிந்தது எத்தனை மணிக்கு?"

"நாலே காலு இருக்குங்க. ஒருத்தர் டீ டம்ளரைக் கீழ வச்சிட்டுத்தான் புடிச்சி முறுக்குனாரு."

"அருமை!" என்றார் தலைவர். "டம்ளரைக் கீழே வைத்தார் என்பதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள்."

அப்படித்தான் சக்கரபாணிக்குச் சால்வையும் நிவாரணமும் கிடைத்தன. கூடவே மடித்து உறையிலிட்ட ஒரு கடிதம். விழாவில் தலைவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "தவறு நடந்திருந்தால் அதை ஒப்புக்கொள்ள இந்த அரசு ஒருநாளும் தயங்காது. அப்படி ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை இதுவரை வந்ததில்லை என்பதே நமக்குப் பெருமை." எல்லோரும் கை தட்டினார்கள். சக்கரபாணியால் மட்டும் தட்ட முடியவில்லை.

வள்ளியம்மாள் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். மறு வாரம் வாஷிங் மெஷின் வந்தது. பொதுக் குழாய்க்குப் பக்கத்தில், விஜயகுமாரி குனிந்து துணி துவைக்கிற கல்லுக்கு நேர் எதிரே வைத்தாள். அது சுற்றுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்து விஜயகுமாரியின் பல்லில் அதிர்ந்தது.

"ஏன்க்கா, ஒங்களுக்கு மட்டும் எப்பிடிக் கெடச்சிது?" என்று கேட்டாள்.

"நானா கேட்டன்? தானா வந்துது." வள்ளியம்மாள் மெஷின் மூடியைத் துடைத்தாள். "எங்க வூட்டுக்காரரு அடி வாங்குனாலும் முறையா வாங்கினாரு விஜயா. கால நீட்டிக்கினு கெடந்தா யாருக்குத் தெரியும்?"

*

சிங்காரவேலின் மனு ஏழு மாதம் கழித்து எடுக்கப்பட்டது. விஜயகுமாரி தோள் கொடுத்து அவனைக் கூட்டிப் போனாள்.

"காயம் எங்கே?" என்றார் தலைவர்.

"பாதத்துலங்க. பைப்பால அடிச்சாங்க."

"தடம் இருக்கிறதா?"

"இப்ப இல்லிங்க."

"பாருங்கள் அம்மா. படையினர் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சி பெற்றவர்கள் அடித்தால் தடம் இருக்காது. இங்கே தடம் இல்லை. ஒன்று அவர்கள் அடிக்கவில்லை; அல்லது பயிற்சியை மதித்து அடித்திருக்கிறார்கள். இரண்டிலும் குறை காண்பதற்கில்லை."

"மூணு நாளும் நான் சோறு குடுத்தன்யா! அத்த யாரு துன்னது?"

"படைவீரர்களின் உணவுப் பழக்கம் அவர்களுடைய தனிப்பட்ட விஷயம்." தலைவர் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். "அதெல்லாம் இருக்கட்டும். இது சுரங்க நுழைவாயில் பதிவு. நீங்கள் சொல்கிற மூன்று நாளும் சிங்காரவேல் வேலைக்கு வந்திருக்கிறார். காலை ஐந்து ஐம்பத்திரண்டு. மூன்று நாளும். ஒரு நிமிடம் தாமதமில்லை. இப்படிப்பட்ட தொழிலாளியைப் பட்டாளம் ஏன் பிடிக்கப்போகிறது? நானாக இருந்தால் பாராட்டியிருப்பேன்."

சிங்காரவேல் அந்தத் தாளையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் தலைவரின் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள்.

தலைவர் சொன்னதை வேறொருவர் செய்தே விட்டார். பாதுகாப்பு வார விழாவில் கான்ட்ராக்டர் ஒரு பரிசு கொடுப்பது வழக்கம். நேரம் தவறாத தொழிலாளிக்கு எவர்சில்வர் தூக்கு. குழுத் தலைவரே பாராட்டிய ஆளை விட்டுவிட முடியுமா? சம்பந்தப்பட்ட மாதத்துப் பதிவைப் பார்த்தார்கள். அந்த மூன்று நாளும் சிங்காரவேல் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தான். அதற்குப் பிறகு அந்த மாதம் அவன் வரவே இல்லை. ஆகவே தாமதமாக வந்ததும் இல்லை. மேடைக்கு நான்கு படி. ஏற முடியாமல் அவன் கீழேயே நின்றான். "பணிவைப் பாருங்கள்!" என்றது மைக்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சிங்காரவேல் பரிசுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"விஜயா."

"சொல்லுங்க."

"எனக்கே சந்தேகமா கீது. நான் வேலைக்குத்தான் போனனோ?"

"இன்னா பேச்சு இது?"

"கேட்டு மெஷினு பொய் சொல்லுமா? தலைவரு சொல்றாரு, மைக்குல சொல்றாங்க, தூக்கு குடுக்கறாங்க. டீக்கடையில கேக்கறான், குடிச்சிட்டு எங்கனா வுழுந்து கெடந்தியாடான்னு. எனக்குப் பக்கத்து வூட்டு மாதிரி மெஷினும் வேணாம் சால்வையும் வேணாம். மூணு நாளு நான் எங்க இருந்தன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒரு சீல் வச்சிக் குடுக்கச் சொல்லு. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். மெஷின் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். அது நிற்கிற மாதிரி தெரியவில்லை.

"நான்தாங்க போட்டன்."

"என்னாத்த?"

"ஒங்க கார்டு. மூணு நாளும்."

அவன் மடியில் இருந்த தூக்கை ஒரு சுற்று திருப்பினான். "நான் உள்ள இருக்கும்போதா?"

"ம்."

"ஏன்?"

"பக்கத்து வூட்டுக்கு முன்னால போவணும்னு."

சிங்காரவேல் தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். மூடினான். "எத்தினி நாளு வந்துது?"

"இருநூத்தி இருவது."

"ஒரு நாளு தாண்டிட்டமா?" என்றான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகாமிலிருந்து வந்த பிறகு அவன் முகத்தில் எதுவாவது அசைந்தது அன்றைக்குத்தான்.

*

மறுநாள் விஜயகுமாரி தனியாகச் சமுதாயக் கூடத்துக்குப் போனாள். சொன்னால் தன் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். கேன்டீனில் அவளோடு பாத்திரம் கழுவுகிறவள் அழுதுகூடப் பார்த்தாள். "வாய மூடிக்கினு இருந்துடுக்கா, மூணு நாளுக்காவ மொத்தத்தையும் தொலைக்கப் போறியா?"

தலைவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த மூணு நாளும் ஆஜர் போட்டது எங்க வூட்டுக்காரரு இல்ல. நானு."

கொட்டாவி பாதியில் நின்றது. தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினான்கு மாதமாகக் குற்றவாளி யாரும் கிடைக்காமல் தவித்த குழு அது. அடித்தவர் யார் என்று தெரியவில்லை, அடைத்தவர் யார் என்று தெரியவில்லை, உத்தரவு போட்டவர் யார் என்று தெரியவில்லை. இதோ ஒருத்தி, பெயரோடும் விலாசத்தோடும் தானே நடந்து வந்திருக்கிறாள்.

"அரசு அமைத்த குழுவின் முன் பொய்ப் பதிவா!" அவர் குரலில் ஒரு புது உயிர் வந்திருந்தது. "அம்மா, இதை லேசில் விட மாட்டோம். நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. அணு அளவும் சந்தேகம் இல்லாமல் நிரூபிப்போம்!"

"நிரூபிங்கய்யா" என்றாள் விஜயகுமாரி. "அதுக்குத்தான் வந்தன்."

அதற்கப்புறம் அந்தக் குழு வேலை செய்த வேகத்தை நகரியம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நான்கே நாள். இல்லை என்று சொல்லப்பட்ட முகாம் பதிவேடு இரண்டாம் நாளே வந்து சேர்ந்தது. ஒரு பெண்பிள்ளை அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டாள் என்றதும் முகாம் அதிகாரியே கடமை உணர்ச்சியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். கொட்டகையில் காவல் நின்ற வீரர் நேரில் வந்து, ஐந்து ஐம்பத்திரண்டுக்குச் சிங்காரவேல் எந்த மூலையில் கிடந்தான் என்று படம் போட்டுக் காட்டினார். சாப்பாட்டுத் தூக்கை உள்ளே கொண்டுபோனது தான்தான் என்றும் ஒப்புக்கொண்டார்.

ஐந்தாம் நாள் உத்தரவு வீட்டுக்கு வந்தது. வாசல்படியில் சிங்காரவேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். விஜயகுமாரி எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள்.

"மேற்படி விஜயகுமாரி என்பவர் தன் கணவரின் வருகையைப் பொய்யாகப் பதிவு செய்துள்ளார். மேற்படி மூன்று நாட்களும் சிங்காரவேல் படை முகாமின் மூன்றாம் எண் கொட்டகையில் படையினரின் காவலில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார் என்பது முகாம் பதிவேட்டால் ஐயத்திற்கு இடமின்றி நிரூபணமாகிறது. உள்ளங்கால்களில் தொடர்ந்து அடிக்கப்பட்டு, நிற்கவோ நடக்கவோ இயலாத நிலையில் அவர் இருந்தமையால், நுழைவாயிலுக்கு அவரே வந்திருக்க எள்ளளவும் வாய்ப்பில்லை. ஆகவே மேற்படி விஜயகுமாரியை உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கப்படுகிறது."

"சீல் கீதா?" என்றான் சிங்காரவேல்.

"ரெண்டு சீலு. கையெழுத்து மூணு."

"இன்னொரு தபா படி."

படித்தாள். "அடைத்து வைக்கப்பட்டிருந்தார்" என்ற இடத்தில் கை காட்டி நிறுத்தினான். அந்த ஒரு வரியை மறுபடி படிக்கச் சொன்னான். பிறகு தாளை வாங்கித் தன் பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தான். சங்கு ஊதியது. அவன் எழுந்து நிற்கவில்லை.

மூன்றாவது தடவை வாசிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. வள்ளியம்மாள் ஈரக் கையோடு வந்து படியோரம் நின்றாள்.

"இன்னா விஜயா, வேல போச்சாமே?"

"போச்சுக்கா."

"அதுக்கா இம்மாஞ்சத்தமா படிக்கற? குடு, பாக்கறன்."

விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே வந்தாள். நடுவில் அவள் விரல் நின்றது. முகம் மாறியது. வீட்டுக்குள் போய்த் தன் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி எடுத்துவந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சட்டத்துக்குள் இருந்தது இவ்வளவுதான்: "தேநீர் இடைவேளையின்போது திரு. சக்கரபாணி அவர்களின் இடது கை எதிர்பாராதவிதமாக முறிவுற்றதை அரசு அனுதாபத்துடன் கவனத்தில் கொள்கிறது."

"யாரு ஒடைச்சான்னு இதுல இல்லியே" என்றாள்.

"இல்லியாக்கா?"

"புடிச்சிக்கினு போனாங்கன்னும் இல்ல. தானா ஒடைஞ்சாப்புல எழுதிக்கீறான். எங்க வூட்டுக்காரரு தெனம் ராவுல அத்தத்தான் கேட்டுக்கினு கெடக்கறாரு, எங்கன்னு எழுதல பாரு, யாருன்னு எழுதல பாருன்னு. நாந்தான் சும்மா படுய்யான்னு சொல்லுவன்." சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விஜயகுமாரியின் தாளையே பார்த்தாள். வாஷிங் மெஷினை விஜயகுமாரி எப்படிப் பார்த்தாளோ அதே பார்வை. "ஒங்களுது எவ்ளோ தெளிவா கீது. கொட்டாய் நெம்பரு மொதக்கொண்டு."

விஜயகுமாரி நகர்ந்து படியில் இடம் விட்டாள். வள்ளியம்மாள் உட்கார்ந்தாள். மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டாள்.

"அன்னிக்கி ஒன் வூட்டுக்காரரு கார்டைப் போடப் போனியே, கையோட எங்க வூட்டுக்காரரோடதையும் ஒரு இழுப்பு இழுத்திருக்கக் கூடாதாடி?"